மஞ்சள் குழாய்

சிராஜ் உள்ளங்கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினான். காற்று இல்லை என்று அர்த்தம். பயிற்சியில் எத்தனையோ தடவை பார்த்துச் சலித்த சைகைதான். நிஜமாகவே ஒருவன் காட்டி அன்றைக்குத்தான் பிரிஸ்கா முதன்முதலாகப் பார்த்தாள்.

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து குமிழிகள் வெள்ளைத் தூணாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. சிலிண்டரிலிருந்து வாய்க்கு வரும் குழாயில் முழங்கை போல் வளைந்த ஒரு பித்தளை இணைப்பு உண்டு. அது நீட்டிக்கொண்டிருந்த ஓர் இரும்புத் தாங்கியில் மாட்டி, தலையோடு முறிந்திருந்தது. அவன் சுவாசிக்க வேண்டிய காற்றெல்லாம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிரிஸ்கா பதறவில்லை. இதற்காகத்தானே ஒவ்வொருவர் மார்பிலும் இரண்டாவதாக ஒரு குழாய் தொங்குகிறது? மஞ்சள் நிறம், நீளம் அதிகம். அது தனக்கல்ல, கூட வருகிறவனுக்கு. அவள் மஞ்சள் குழாயை உருவி அவன் வாயில் கொடுத்தாள். சிராஜ் கவ்வினான். கண்ணாடிக்குள் அவன் கண்கள் ஒரு கணம் சிரித்தன. பிறகு விரிந்தன.

காற்று வரவில்லை.

அவள் வாய்க்கருவியின் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். ஒன்றுமில்லை. தன் வாயில் இருந்ததைப் பிடுங்கி அவன் வாயில் வைத்தாள். அதுவும் அடைத்துக்கொண்டது. திரும்பத் தன் வாயில் வைத்தாள். குளிர்ந்த காற்று தாராளமாக வந்தது. அவன் வாயில் வைத்தாள், நின்றது. மேலே போகவும் வழியில்லை. இரண்டு பக்கமும் எஃகுப் பீப்பாய்கள், தலைக்கு மேல் குழாய்க் கூரை. ஒருவர் பின் ஒருவராகத்தான் அந்தச் சந்தில் ஊர முடியும். வெளிவாசல் பின்னால் வெகுதூரத்தில் இருந்தது.

மூன்றாவது முறை அவள் தன் வாயிலிருந்ததை எடுத்து நீட்டியபோது சிராஜ் வாங்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து, வாய்க்கருவியை அவள் வாய்க்கே தள்ளினான். அவளுக்கு முன்னால் அவனுக்குப் புரிந்துவிட்டது.

அப்புறம்தான் அவள் கத்தியை எடுத்தாள். மஞ்சள் குழாயின் நுனியில், வாய்க்கருவிக்குச் சற்று முன்னால், கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்பு வளையம் இருந்தது; அவள் வாயிலிருந்த குழாயிலும் அதே மாதிரி ஒன்று. கம்பெனி அதற்கு ஏதோ அழகான பெயர் வைத்திருந்தது. முக்குளிப்பவர்கள் பூட்டு என்றார்கள். பூட்டுக்கு முன்னால் அறுத்துவிட்டால் காற்று பீறிட்டு வரும். அறுத்தாள். குழாயின் மேல் நைலான் பின்னல் போட்டிருந்தது. உப்பிலும் வெயிலிலும் வெடிக்காமல் நாள்பட உழைக்கும் என்று அவளே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பின்னல். கத்தி வழுக்கியது. இழை இழையாக அறுந்தது. கடைசியில் காற்று சீறிக்கொண்டு வந்தபோது அதை அவன் வாயில் திணித்தாள்.

அதற்குள் சிராஜ் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டிருந்தான்.

*

தூத்துக்குடிக்குக் கிழக்கே, மன்னார் வளைகுடாவின் அடியில் கிடந்த அந்தப் பீப்பாய்களுக்குள் கணினிகள் இருந்தன. ஊரில் உள்ளவர்களின் படங்கள், பாட்டு, வங்கிக் கணக்கு, வம்பு வழக்கு எல்லாம் அவற்றுக்குள்தான். தரையில் வைத்தால் சூடு தணிக்க மின்சாரம் கொட்ட வேண்டும். கடலுக்குள் வைத்தால் கடலே தணித்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்துக் கடலகம் என்ற கம்பெனியைத் தொடங்கியிருந்தார்கள். பீப்பாய்களின் மேல் பாசியும் சிப்பியும் படியாமல் சுரண்டிக்கொண்டே இருக்க ஆட்கள் வேண்டும். ரோபோ வைத்துப் பார்த்தார்கள். சந்தில் சிக்கிக்கொண்டது. மனிதன் மலிவாகவும் வளைந்துகொடுப்பவனாகவும் இருந்தான்.

பிரிஸ்கா மச்சாடோ அங்கே முக்குளிப்பவர்களின் சாதனங்களைப் பொருத்திக் கொடுப்பவள். கூடவே இறங்கி வேலையும் பார்ப்பாள். யாருக்கு எந்த நீளத்தில் குழாய், எந்தப் பக்கத் துளையில் எதை மாட்டுவது, எந்தக் குழாய் அக்குளுக்குக் கீழே வர வேண்டும், எது கழுத்தைச் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் அவள் முடிவு. சந்துகளில் வரிசையாகத்தான் போக முடியும் என்பதால் மஞ்சள் குழாய் ஆள் உயரத்தைவிட நீளமாக இருந்தாக வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியவள் அவள்தான். முழங்கை இணைப்பு வேண்டாம், எதிலாவது மாட்டும் என்றும் சண்டை போட்டாள். அதில் தோற்றாள்.

பூட்டைப் பற்றி மட்டும் யாரும் அவளிடம் கேட்கவில்லை. அது சென்னையிலிருந்து சீல் வைத்த பெட்டியில் வந்தது.

*

விசாரணை துறைமுகச் சாலையில் கம்பெனியின் விருந்தினர் மாளிகையில் நடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமை. அவருக்கு வலதுபுறம் தளத்தின் தலைமை மேலாளர் தனபாலன். சென்னையிலிருந்து பூட்டை வடிவமைத்த பொறியாளர் ஸ்ரீவத்சன் வந்திருந்தான். முப்பது வயதிருக்கும்; கையில் கண்ணாடி துடைக்கும் துணியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தான். பின்வரிசையில் முக்குளிப்பவர்கள். ஓரத்து நாற்காலியில் சிராஜின் மனைவி சபுரா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல்.

தனபாலன் மேஜைமேல் அறுபட்ட மஞ்சள் குழாயை வைத்தார்.

"இதை அறுத்தது யார்?"

பிரிஸ்காவுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை.

"நான்தான்."

"எதுக்கு?"

"எதுக்கா? சிராஜுக்குக் காத்து வரலை சார்! அதுக்கு!"

"சத்தம் போடாதீங்கம்மா. கம்பெனி உபகரணத்தை நீங்க சேதப்படுத்தியிருக்கீங்க. பூட்டு அடைச்சதுன்னு நீங்க சொல்றீங்க. அறுத்துட்டதால அதை இப்ப சரிபார்க்க முடியாது. ஆள் பதற்றத்துல வாய்க்கருவியைத் துப்பியிருக்கலாம் இல்லையா? அப்படி நிறைய நடந்திருக்கு."

"அவன் துப்பலை."

"நீங்களும் பதற்றத்துல இருந்திருப்பீங்க."

பிரிஸ்கா எழுந்து நின்றாள். இந்த ஆளை இப்போதே தூக்கிக்கொண்டு போய் அந்தச் சந்தில் விட வேண்டும் போலிருந்தது.

"எத்தனை பேரு செத்தா நீங்க பதறுவிய சார்?" என்றாள்.

நீதிபதி கையைத் தூக்கி அமர்த்தினார். ஸ்ரீவத்சனைப் பார்த்து, "இந்தப் பூட்டு என்ன செய்யுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார்.

ஸ்ரீவத்சன் தொண்டையைச் செருமினான். "ஒவ்வொருத்தரும் மூச்சை இழுக்கிற விதம் வேற சார். கைரேகை மாதிரி. யார் இழுக்கிறாங்கன்னு பூட்டுக்குத் தெரியும். பதிவு பண்ணின ஆளுக்குத் திறக்கும், வெளி ஆளுக்குத் திறக்காது. முன்னாடி சிலிண்டர் திருடிட்டுப் போய்க் கள்ளத்தனமா சங்கு எடுத்தாங்க. அதைத் தடுக்கத்தான் முதல்ல கேட்டாங்க."

"சிராஜுதீன் பதிவு பண்ணின ஆள்தானே?"

"ஆமா சார். பயிற்சிக் குளத்துல எல்லாருக்கும் எல்லார் குழாயும் திறந்துச்சு. நானே கூட இருந்து பார்த்தேன். அவருக்கு ஏன் அடைச்சுதுன்னு எனக்கு..." அவன் முடிக்கவில்லை.

"அடைச்சுதுன்னு இவங்க சொல்றாங்க. அவ்வளவுதான்" என்றார் தனபாலன்.

"அப்ப இங்கயே பாத்துருவோம்" என்றாள் பிரிஸ்கா. "என் செட்டு வெளிய வண்டில கிடக்கு. அறுத்த குழாய்க்குப் பதிலா அதே மாதிரி பூட்டு வச்ச குழாயை மாட்டுதேன். சிலிண்டரும் அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கணும். பாதிதான் இருந்துச்சு. மீதியைத் திறந்து விட்டுருதேன்."

நீதிபதி தலையசைத்தார். பின்வரிசையிலிருந்து லியோன் எழுந்து போய்ச் சிலிண்டரைத் தோளில் தூக்கிவந்தான். சிராஜும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பிரிஸ்கா குழாயைத் திருகி மாட்டினாள். காற்றைப் பாதிக்கு இறக்கும்வரை கூடம் முழுக்க இரைச்சல். அளவுமானியின் முள் பாதியில் நின்றது.

"யார் இழுத்துப் பாக்குறது?"

ஸ்ரீவத்சன் தானே முன்வந்தான். "நானும் பதிவு பண்ணின ஆள்தான். சோதனைக்காக இறங்கியிருக்கேன்."

அவன் மஞ்சள் குழாயை வாயில் வைத்து இழுத்தான். கூடமே அவன் முகத்தைப் பார்த்தது.

காற்று வந்தது. எல்லோருக்கும் கேட்டது. ஸ்ஸ் என்று உள்ளே போய், புஸ் என்று வெளியே வந்தது. இன்னொரு தடவை இழுத்தான். வந்தது.

தனபாலன் நாற்காலியில் சாய்ந்தார். நீதிபதி பேனாவை மூடினார். பிரிஸ்கா தான் கண்டது பொய்யா என்று நினைத்தாள். இருட்டிலும் பயத்திலும் ஏதாவது தவறாகச் செய்துவிட்டோமா? திரும்பிப் பார்த்தாள். சபுரா இப்போதுதான் முதன்முறையாக அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க குடுங்க" என்று லியோன் வந்தான். "நான் பாக்கேன்."

"அவசியம் இல்லைப்பா. நிரூபணமாயிடுச்சு" என்றார் தனபாலன்.

"ஒரு மூச்சுதான சார்? அதுல என்ன குறைஞ்சிரப் போவுது?"

அவன் வாயில் வைத்து இழுத்தான். முதல் இழுப்பு வந்தது. இரண்டாவது பாதியில் நின்றது. மெல்லிய சொடுக்குச் சத்தம் ஒன்று. லியோனின் கன்னங்கள் உட்குழிந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவக்கச் சிவக்க அவன் இழுத்துக்கொண்டே இருந்தான். வேண்டுமென்றே இருந்தான், எல்லோரும் பார்க்கட்டும் என்று. கடைசியில் வாயிலிருந்து உருவி மேஜைமேல் வைத்தான். ஓசையில்லாமல்தான் வைத்தான்.

"எனக்கு வரலை" என்றான்.

ஸ்ரீவத்சன் மறுபடி எடுத்து இழுத்தான். அவனுக்கு வந்தது.

*

ஸ்ரீவத்சன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

"சிலிண்டர் நிறைய இருந்தா எல்லாருக்கும் திறக்கும்" என்றான், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "குளத்துல எப்பவும் நிறைஞ்ச சிலிண்டர்தான். அதான் தெரியலை."

"பாதி இருந்தா?" என்றாள் பிரிஸ்கா.

"இந்தத் தளத்தோட ஆழத்தை வச்சு, ஒரு சிலிண்டர் காத்துல ரெண்டு பேர் மேல வந்து சேர முடியுமான்னு பூட்டு கணக்குப் போடும் மேடம். முடியாதுன்னு பட்டா ஒருத்தரையாவது காப்பாத்தணும் இல்லையா? ரெண்டு பேரும் போறதைவிட..."

"முடிஞ்சிருக்கும். சந்துல இருந்து வெளிய வர, மேல போக, போதுமான காத்து எங்கிட்ட இருந்துச்சு."

"இருந்திருக்கலாம். கணக்குல ஒரு கட்டம் உண்டு. கூட வர்ற ஆளுக்காக எவ்வளவு ஆபத்தை ஏத்துக்கலாம்னு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண். எண் பெருசா இருந்தா, கொஞ்சம் சந்தேகமா இருந்தாலும் பூட்டு திறக்கும். சின்னதா இருந்தா, கொஞ்சம் சந்தேகம் இருந்தாலே அடைச்சிடும். நான் கட்டத்தைக் காலியா விட்டுத்தான் குடுத்தேன். எண் போடுறது தளத்தோட வேலை."

நீதிபதி மெதுவாகத் தனபாலன் பக்கம் திரும்பினார்.

தனபாலன் தடுமாறவில்லை. அதுதான் பிரிஸ்காவுக்குப் பின்னாளில் நினைக்க நினைக்க எரிந்தது. "காப்பீட்டுக்காரங்க கேட்டாங்க" என்றார், சாதாரணமாக. "நிரந்தர ஊழியர், அதிகாரி, விருந்தினர், ஒப்பந்த ஆள்னு வகை பிரிச்சுக் குடுத்தோம். விமானத்துல வகுப்பு இல்லையா? ஆஸ்பத்திரியில அறை வகை இல்லையா? இதுல ஒளிவுமறைவு ஒண்ணுமில்லை சார்."

"சிராஜ்?" என்றாள் பிரிஸ்கா.

"ஒப்பந்தம்."

"நானு?"

ஸ்ரீவத்சன்தான் பதில் சொன்னான். அவளை ஆறுதல்படுத்துவதாக நினைத்துச் சொன்னான், பாவம். "நீங்க நிரந்தரம் மேடம். உங்க மேல தப்பே இல்ல. மாறி நடந்திருந்தா, உங்க காத்து தீர்ந்து அவர் உங்களுக்குக் குடுத்திருந்தா, அவர் குழாய் உங்களுக்குத் திறந்திருக்கும்."

பிரிஸ்கா அவனைப் பார்த்தாள். நிரந்தரம் என்று உத்தரவு வந்த அன்று பிரதான சாலைக் கடையில் மக்ரூன் வாங்கி எல்லோருக்கும் கொடுத்திருந்தாள். சிராஜ் இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு, "இனி நீங்க ஆபீசர் அக்கா, எங்களை எல்லாம் கண்டுக்க மாட்டிய" என்று சிரித்தான். அன்றைக்கே தளத்தின் அலுவலகத்தில் ஏதோ ஒரு விரல் ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றியிருக்கிறது. அவள் வாய் இனித்துக்கொண்டிருந்தபோது.

அவள் அறுபட்ட மஞ்சள் குழாயைக் கையில் எடுத்தாள். தனபாலனை அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். லியோன் அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் அதைத் திரும்ப மேஜைமேல் போட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

*

சபுராவின் வீடு கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷன். பிரிஸ்கா போனபோது அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சிராஜின் சட்டைகளும் அதில் இருந்தன.

"உக்காருங்க அக்கா" என்றாள். கொஞ்ச நேரம் மடித்தாள். "நீங்க அங்க சொன்னதையெல்லாம் கேட்டேன். எனக்கு ஒண்ணுதான் கேக்கணும். கடைசியா அவுக என்ன செஞ்சாக?"

பிரிஸ்கா சொல்லாமல் விடலாமா என்று யோசித்தாள். பிறகு சொன்னாள்.

"என் வாயில இருந்ததை எடுத்து நீட்டினேன். வாங்கலை. திருப்பி என் வாயிலயே வச்சு அமுக்கிட்டான்."

சபுராவின் கை சட்டைமேல் நின்றது. அழுவாள் என்று பிரிஸ்கா எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை.

"ஏன் தள்ளணும்?" என்றாள். குரல் உயர்ந்தது. "ஏன் அக்கா தள்ளணும்? ஒரு தடவை, ரெண்டு தடவை, திறக்குதான்னு இன்னும் இழுத்துப் பாத்திருக்கலாமுல்ல? சண்டை போட்டிருக்கலாமுல்ல? வீட்டுல கரண்டு போனா ஆபீசுக்குப் போன் போட்டு அப்படிச் சண்டை போடுவாக! எனக்கு அவுக மேல அவ்வளவு கோவமா வருது. யாருகிட்ட சொல்ல? வாரவுகல்லாம் எவ்வளவு நல்ல மனுசன்னு சொல்லிட்டுப் போறாக. நல்ல மனுசனா இருந்து என்னத்துக்கு?"

அவள் கையிலிருந்த சட்டையைச் சுருட்டிச் சுவரில் எறிந்தாள். பிரிஸ்கா அதை எடுக்கவில்லை. எடுத்துக்கொடுப்பது சரியாக இருக்காது என்று தோன்றியது. இரண்டு பேரும் அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கும்தான் கோவம்" என்றாள் பிரிஸ்கா. "ஆனா அவன் மேல இல்ல."

"உங்களுக்கு ஆளு இருக்காக, கோவப்படதுக்கு" என்றாள் சபுரா. "விட்டுராதிய."

*

தீர்ப்பு மூன்று வரியில் வந்தது. பூட்டு வடிவமைத்தபடியே செயல்பட்டது. எனவே கோளாறு எதுவும் இல்லை. கோளாறு இல்லாததால் யாரும் பொறுப்பல்ல.

அன்று காலை முக்குளிப்பவர்கள் யாரும் படகில் ஏறவில்லை. படகுத்துறையில் உட்கார்ந்துகொண்டார்கள். தனபாலன் வந்து, நிர்வாகம் பெரிய மனது பண்ணியிருப்பதாகச் சொன்னார். இனி எல்லோருக்கும் ஒரே எண். அதிகாரி, ஒப்பந்தம், வித்தியாசமே கிடையாது. சில பேர் முகம் மலர்ந்தது. கைதட்டக்கூட ஒருவன் ஆரம்பித்தான்.

ஸ்ரீவத்சனும் அங்கே வந்திருந்தான். பிரிஸ்கா அவனைக் கேட்டாள்: "எல்லாருக்கும் ஒரே எண்ணு. சிலிண்டர்ல பாதி இருக்கு. கூட வாரவன் காத்தில்லாம வந்து நிக்கான். பூட்டு என்ன செய்யும்?"

அவன் தனபாலனைப் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்தான்.

"சொல்லுங்க தம்பி. அவருகிட்ட என்ன கேக்கிய?"

"சமமா இருந்தா சிலிண்டர் யாரோடதோ அவருக்குத்தான் மேடம். மத்தவங்களுக்கு அடைச்சிடும்."

"அதாவது, முன்னாடி சிலபேருக்கு அடைச்சுது. இனிமே எல்லாருக்கும் அடைக்கும்."

"ஆமா."

கைதட்டியவன் கையை மடியில் வைத்துக்கொண்டான். லியோன் வாய்விட்டுச் சிரித்தான். கேட்பவர்களுக்குப் பயம் வருகிற சிரிப்பு.

"பூட்டை எடுங்க" என்றாள் பிரிஸ்கா. "ஒண்ணு விடாம எடுங்க. அதுவரைக்கும் உங்க பீப்பாய்ல சிப்பி வளரட்டும்."

கம்பெனி வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து பார்த்தது. அவர்கள் படகுத்துறைவரை வந்து, உட்கார்ந்திருந்தவர்களிடம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். கோடை ஏறியது. கடல் சூடானது. பாசி போர்த்திய பீப்பாய்களுக்குள் கணினிகள் கொதிக்க ஆரம்பித்தன. பணம் எடுக்க முடியாமல், படம் பார்க்க முடியாமல் நாடு முழுக்க ஜனங்கள் கத்தினார்கள். ஒருவன் மூச்சு நின்றபோது வராத பதற்றம், நாலு ஊரில் திரை நின்றபோது மேலிடத்துக்கு வந்தது. பூட்டில்லாத குழாய்க்கு அனுமதி கிடைத்தது, அவரவர் சொந்தப் பொறுப்பில் என்ற வாசகத்தோடு.

பிரிஸ்கா எல்லாச் செட்டையும் முதலிலிருந்து கட்டினாள். முழங்கை இணைப்பு ஒன்றுகூட இல்லை. குழாய் நேராக இறங்கி, உடம்போடு ஒட்டி, அக்குளுக்குக் கீழே வந்தது. மஞ்சள் குழாய்க்கு நைலான் பின்னலை விட்டுவிட்டு வெறும் ரப்பரைத் தேர்ந்தெடுத்தாள்.

"இது சீக்கிரம் வெடிச்சிருமே அக்கா? வருசா வருசம் மாத்தணுமே?" என்றான் லியோன்.

"மாத்துவோம்."

"பின்னல்தான நல்லதுன்னு நீங்களே சொல்லுவிய?"

பிரிஸ்கா கத்தியை எடுத்துப் பழைய ரப்பர்க் குழாய் ஒன்றின் மேல் ஒரே இழுப்பாக இழுத்தாள். அது இரண்டாகிக் கீழே விழுந்தது. லியோன் குனிந்து, ஒவ்வொரு இணைப்பிலும் ரப்பர் வளையத்தைப் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தான்.

*

வேலை திரும்பத் தொடங்கிய அன்று பத்திரிகைக்காரர்களைப் படகில் ஏற்றியிருந்தார்கள். எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்று காட்ட, தனபாலனே இறங்குவதாக ஏற்பாடு. அவருக்கு முக்குளிக்கத் தெரியும், மாலத்தீவில் கற்றுக்கொண்டது. புத்தம்புது உடையில் நின்று, கையை ஆட்டிப் படமெடுக்கக் காட்டினார்.

இறங்குமுன் ஒருவர் செட்டை ஒருவர் தடவிப் பார்ப்பது வழக்கம். லியோன்தான் அவருக்குத் துணை. லியோனின் கை தனபாலனின் மஞ்சள் குழாய் வழியாக நுனிவரை போய் நின்றது.

கறுப்பு வளையம்.

"சார், இது என்னது?"

தனபாலன் குரலைத் தாழ்த்தினார். "இது என் சொந்தச் செட்டுப்பா. என் காப்பீட்டுல இது இல்லாம இறங்கக் கூடாதுன்னு இருக்கு. நான் என்ன செய்யட்டும்? உங்க எல்லாருக்கும்தான் எடுத்தாச்சே."

லியோன் தன் கால் துடுப்புகளைக் கழற்றிப் பலகைமேல் வைத்தான். "நான் உங்ககூட வரலை சார்" என்றான்.

அடுத்தவனைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து வளையத்தைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினான். அதற்கடுத்தவன் எழுந்திருக்கவேயில்லை. துணை இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்பது தளத்தின் விதி. பத்திரிகைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் கேமராவைத் திருப்பினார். தனபாலனின் நெற்றியில் வியர்வை அரும்பியது.

"நான் வாரேன்" என்றாள் பிரிஸ்கா.

லியோன் திரும்பி, "அக்கா!" என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. தனபாலனின் முன்னால் போய் நின்று, அவர் செட்டின் ஒவ்வோர் இணைப்பையும் விரலால் இறுக்கிப் பார்த்தாள். யாருக்கும் பார்ப்பதுபோலவே பார்த்தாள். ஒன்றையும் குறைக்கவில்லை.

"நல்லா இருக்கு சார். உங்க குழாய் எனக்குத் தராது. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." தன் மார்பில் தொங்கிய வெறும் ரப்பர்க் குழாயைத் தூக்கிக் காட்டினாள். "இது உங்களுக்குத் தரும். யாரு என்னன்னு இதுக்குக் கேக்கத் தெரியாது. அப்படித்தான் நானே கட்டியிருக்கேன். எனக்கு வேற மாதிரி கட்ட வராது. அதுதான் சார் எனக்குத் தாங்க முடியாத கோவம்."

அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்து கடலில் விழுந்தாள்.

கீழே தண்ணீர் பச்சையாக, வெதுவெதுப்பாக இருந்தது. பீப்பாய்களுக்கு நடுவே சந்தின் வாய் இருண்டு கிடந்தது. ஏற்பாட்டின்படி தனபாலன் முன்னால் போக வேண்டும். பின்னாலிருந்து படம் எடுப்பார்கள். அவர் சந்துக்குள் நுழைந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்று திரும்பிப் பார்த்தார். பிரிஸ்கா பின்னால் இருந்தாள். இன்னும் கொஞ்சம் போய் மறுபடி திரும்பினார். கண்ணாடிக்குள் அவர் கண்கள் அவள் முகத்தைத் தேடவில்லை. அவள் மார்பில் அசைந்த மஞ்சள் குழாயைத் தேடின.

கூரை தாழ்வாகிக்கொண்டே வந்தது. முன்னால் சந்து நீண்டு கிடந்தது. தனபாலன் அதற்கு மேல் முன்னேறவில்லை. இரண்டு பீப்பாய்களுக்கிடையே இருந்த இடுக்கில் உடம்பை ஒடுக்கி ஒதுங்கி, அவளை முன்னால் போகச் சொல்லிக் கை காட்டினார். அவள் கடந்தபோது, தண்ணீரில் மிதந்த அந்தக் குழாயின் நுனியை அவர் கை எட்டிப் பிடித்துக்கொண்டது.

பிரிஸ்கா தட்டிவிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் நீந்தினாள். சந்து முடிந்து வெளிச்சம் வரும்வரை அவர் அந்தப் பிடியை விடவே இல்லை.